பன்னிரண்டு அடிக்குள் திறந்துகொண்ட பட்டன்கள்

பாலாற்றில் தண்ணீர் வராமல் மணல் லாரிகள் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வருசத்தில், ஆத்துக்கு வடகரையில் கொல்லைமேடு என்கிற ஊரில், தோல் கம்பெனி சூப்பர்வைசர் ஜோதிலிங்கம் தெருவில் நடந்துபோனால் அவரைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கிற பர்ஸு, கைப்பை, செல்போன் உறை, இடுப்புப் பை எல்லாவற்றிலும் உள்ள டிச் பட்டன்கள் தானாகத் திறந்துகொண்டன. முதல் நாள் ஜனங்கள் கீழே விழுந்ததைப் பொறுக்கினார்கள், இரண்டாம் நாள் அவரைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் கடைக்குப் போய் ரப்பர் பேண்டு வாங்கினார்கள்.

எல்லாப் பட்டனும் திறக்கவில்லை. வேலூரில் வாங்கிய பையில் இருந்த பட்டன் மூடியபடிதான் இருந்தது. ரூபாவதி கையால் அடித்த பட்டன் மட்டும்தான் திறந்தது. ஆனால் ரூபாவதி பதினோரு வருசமாக அந்தக் கம்பெனியில் பட்டன் அடித்தவள், கம்பெனியில் கழித்துப்போட்ட சரக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை சந்தையில் குவியலாக வந்து விழும், ஊரில் அவள் கை பட்ட பர்ஸ் இல்லாதவர்கள் பிறந்த குழந்தைகளும் பிச்சைக்காரர்களும்தான், பிச்சைக்காரர்களிலும் ஒருவரிடம் ஒன்று இருந்தது.

டிச் பட்டன் பார்க்கச் சின்னது, அதற்குள் ஒரு நியாயம் உண்டு. மேலே பளபளவென்று தெரிகிற தொப்பிக்கு அடியில் ஒரு கால் இருக்கும். அந்தக் கால் தோலின் ஓட்டையில் நுழைந்து மறுபக்கம் வந்து கிண்ணிக்குள் பூ மாதிரி விரிய வேண்டும். தோலின் கனமும் காலின் உயரமும் ஒத்துப்போனால் நேராக விரியும். தோல் மெலிசாக இருந்தால் கால் மிஞ்சிப்போய் ஒரு பக்கமாக மடங்கிச் சாயும், பிரம்மாவே வந்து சுத்தியைப் பிடித்தாலும் சாயும். அப்போது கழிவுத் தோலில் மிளகு அளவுக்கு வட்டம் வெட்டி நடுவில் கொடுத்துக் கனத்தைக் கூட்ட வேண்டும். இதெல்லாம் ரூபாவதிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்கு அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து சொன்னது. முதல் அடியை மெல்ல அடிப்பாள், கால் எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று அதில் தெரியும், பிறகு அடிக்கிற உளியைக் கால்வாசிச் சுற்று திருப்பி இரண்டாவது அடியை முழுசாக அடிப்பாள். ஒவ்வொரு பட்டனுக்கும் அந்த இரண்டு அடிக்கும் நடுவில், உதடு மட்டும் அசைகிற மாதிரி, "நேரா நில்லு" என்பாள்.

மனிதர்களோடு அவள் அவ்வளவு பேசியதில்லை. கூச்சம். கடையில் மல்லித்தூள் கேட்கப்போய் மிளகாய்த்தூள் கொடுத்துவிட்டால் அதை வாங்கிக்கொண்டு வந்து அந்த வாரம் மிளகாய்த்தூளிலேயே குழம்பு வைப்பாள். அவள் புருசன் முனிரத்தினம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், "எம் பொண்டாட்டி ஒரு நாளைக்குப் பேசற பேச்சை தீப்பெட்டிக்குள்ள போட்டு மூடலாம்" என்று சிரிப்பான். பட்டன்களிடம் மட்டும்தான் அவள் நாள் முழுக்க எண்ணூறு தரம், தொள்ளாயிரம் தரம் வாய் திறந்தாள். பதினோரு வருசம் ஒருத்தி தங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பட்டன்களும்தான் என்ன செய்யும், அவளுடைய பேச்சைக் கேட்கப் பழகிக்கொண்டன.

அந்த வருசம் தை மாசம் கம்பெனிக்கு நாலாயிரம் பர்ஸ் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. முதல் நாள் தோலைக் கையில் எடுத்ததுமே ரூபாவதிக்கு விரல் கூசியது. மாட்டின் முதுகுத் தோல் வரவேண்டிய இடத்தில் வயிற்றுத் தோல் வந்திருந்தது, மெலிசு, சொதசொதவென்று. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் ஜோதிலிங்கம் எதிரில் போய் நின்றாள்.

"சார், இது வயித்துத் தோலு. கால் மிஞ்சுது சார். நடுவுல வட்டம் குடுத்தா நேரா வரும்."

ஜோதிலிங்கம் காதைக் குடைந்துகொண்டிருந்த சாவியை எடுத்துத் துடைத்தார். "பட்டன் அடிக்கச் சொன்னா பட்டன் அடி. தோலு பாக்கறதுக்கு எங்களுக்குக் கண்ணு கீது."

பக்கத்து மேசையில் இருந்த சபுராபீ அதைக் கேட்டாள். சபுராபீ அந்த ஷெட்டிலேயே பெரிய வாய்க்காரி, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அகலமாகிப்போனவள். அன்றைக்கு அவளும் ஒன்றும் சொல்லவில்லை. முதுகுத் தோல் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும், ஆம்பூர் ரோட்டில் ஜோதிலிங்கத்தின் மச்சான் புதுசாகத் திறந்த பெல்ட் கடைக்குப் போனது என்று அந்த ஷெட்டில் அறுபது பேருக்கும் தெரியும், தெரிந்த அறுபது பேரும் குனிந்து தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

நாலாயிரம் பர்ஸும் கப்பல் ஏறிப்போய், கப்பல் ஏறித் திரும்பி வந்தன. பட்டன் கோணல், மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. முதலாளி வெள்ளைச் சட்டையோடு ஷெட்டுக்குள் வந்து ஒரு ஓரமாக நின்றார். டீ நேரம். ஜோதிலிங்கம் ஒரு ஸ்டூலில் ஏறி, ஒரு பர்ஸை எலி வாலைப் பிடிப்பதுபோல மூடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இதை அடிச்சது கையா, காலா?"

சிலர் சிரித்தார்கள், சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து.

"எம்மா ரூபாவதி, உங்கையை நீட்டு, பாக்கலாம். எல்லாரும் பாருங்க. கோணக்கை. கோணக்கையால அடிச்சா பட்டன் நேராவா வரும்? நாளையிலேர்ந்து நீ வரவேணாம் கோணக்கை."

ரூபாவதி சபுராபீயைப் பார்த்தாள். சபுராபீ டீ டம்ளருக்குள் பார்த்தாள். ரூபாவதிக்கு வாயில் ஏழெட்டு வார்த்தை வந்தது, வந்து பல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றது, வெளியே வரவில்லை. சுத்தியை மட்டும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு, தன் மேசையில் தட்டு நிறையக் கிடந்த பட்டன்களின் மேல் குனிந்து, எப்போதும் சொல்கிற குரலில், உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னாள்.

"அந்த ஆளு வாயிலேர்ந்து உண்மை வர்ற வரைக்கும், அவன் முன்னால ஒருத்தரும் மூடிக்கினு நிக்காதீங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள்.

மறுநாள் காலை ஜோதிலிங்கம் ஏறிய டவுன் பஸ்ஸில் கண்டக்டரின் தோல் பை திறந்து சில்லறை படியில் உருண்டது, அவர் இறங்கி நடந்த வழியில் போலீஸ்காரரின் செல்போன் உறையைவிட்டு நழுவிச் சாக்கடையில் விழுந்தது, கூரியர் பையன் வயிற்றில் கட்டியிருந்த பை திறந்து மூன்று கல்யாணப் பத்திரிகையும் ஒரு கோர்ட்டு நோட்டீசும் பறந்து வெவ்வேறு வீட்டு வாசலில் விழுந்தன, நோட்டீசு யாருக்கு வந்ததோ அவரைத் தவிர மற்ற எல்லாரும் படித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே காரணம் யார் என்று தெரிந்துபோயிற்று. கொத்தனார் ஒருவர் ஜோதிலிங்கத்தை ரோட்டில் நிறுத்தி வைத்து, ஒரு பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அடி அடியாகப் பின்னால் நகர்ந்து, அது திறக்காமல் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு டேப்பை வைத்து அளந்தார். பன்னிரண்டு அடி. மழை நாளில் பதினொன்றரை.

அதற்குப் பிறகு ஊர் தன் ஒழுங்கைத் தானே செய்துகொண்டது. பஸ்ஸில் அவருக்குக் கடைசி சீட்டு, கண்டக்டர் முன்னாலேயே நின்றுகொண்டு "சார், டிக்கெட்டை அப்பறம் பாத்துக்கலாம், அங்கியே குந்துங்க" என்று கத்துவார். டீக்கடையில் அவருக்கு டீயை ஒரு நீளக் கழியின் நுனியில் பலகை கட்டி நீட்டினார்கள். கல்யாண வீட்டார் பத்திரிகையைக் கொடுக்கும்போதே, "மொய்யை அனுப்பிவுட்டா போதும் சார், நீங்க வந்த மாதிரிதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஏனென்றால் ஒரு முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா மடியில் வைத்திருந்த பை திறந்து தாலி உருண்டு நாதஸ்வரக்காரர் காலடியில் போய் நின்று, அதை எடுத்துக் கொடுத்த நாதஸ்வரக்காரருக்குக் கல்யாணப் பெண்ணின் மேல் ஏதோ உரிமை வந்துவிட்டதா இல்லையா என்று இரண்டு குடும்பமும் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். உபகாரமும் இல்லாமல் இல்லை. பட்டன் துருப்பிடித்து ஆறு வருசமாகத் திறக்காத பர்ஸை வைத்திருந்த தபால்காரர் ஒருவர் வேண்டுமென்றே அவர் வரும் வழியில் போய் நின்று, திறந்த பர்ஸிலிருந்து செத்துப்போன மனைவியின் போட்டோவை எடுத்துக்கொண்டு, "நல்லா இருய்யா" என்று வாழ்த்திவிட்டுப் போனார். பிள்ளைகள் அவருக்குப் பின்னாலேயே பதிமூன்று அடி தள்ளி ஓடி, ஒருவரை ஒருவர் உள்ளே தள்ளி விளையாடினார்கள். கடைசியில் பஞ்சாயத்துக் கூடி, யாரையும் கஷ்டப்படுத்தக்கூடாது, சூப்பர்வைசர் நடக்கும்போது கையில் ஒரு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நடந்தால் எல்லாரும் பையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. அவர் அப்படியே மணியடித்துக்கொண்டு நடந்தார். கிணிங், கிணிங். அந்தச் சத்தம் கேட்டால் ஊரே இடுப்பில் கை வைத்தது.

ரூபாவதி ஜன்னலில் நின்று அந்த மணியைக் கேட்பாள். முதல் வாரம் அது தேனாக இருந்தது. குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு மேலே அது கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பாள். ஊருக்குள் போகிறது, திரும்புகிறது, குனிந்த தலையோடு வீட்டுக்குப் போகிறது என்று மணியிலேயே அவர் முகத்தைப் பார்ப்பாள். முனிரத்தினம்கூட, "இன்னாடி, சாமி பொறப்பாட்டைக் கேக்கற மாதிரி கேக்கற" என்றான்.

"நல்லா கீது" என்றாள். அவளுக்கு அது நீளமான பேச்சு.

ஆனால் இரண்டு மாசம் போன பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது. பட்டன் ஏன் திறக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை அடி என்று கேட்டார்கள், மழையில் எப்படி என்று கேட்டார்கள், ரப்பர் பேண்டு எந்தக் கடையில் சல்லிசு என்று கேட்டார்கள். அவரால் வந்த தொல்லை ஊருக்குப் பழகிவிட்டது, அவர் பொய்யோ அதற்கு முன்பே பழகியிருந்தது. அவளைப் பார்த்தால், "அடடே, கோணக்கையா, சௌக்கியமா?" என்று பாசமாகவே கேட்டார்கள். ரேஷன் கடையில் அவளிடம் எண்ணெய்க் கேனைக் கொடுக்கும்போது, "பாத்துப் பிடிம்மா, ஒனக்கு ஏற்கனவே கை..." என்று அரைவார்த்தையில் நிறுத்தினார்கள். வேற கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனாள், அங்கே அவளுக்கு முன்னால் அந்தப் பேர் போய் உட்கார்ந்திருந்தது.

அவள் மகள் தன்ஷிகா மூன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி கண்ணு?"

"காகிதப் பூ செஞ்சாங்க. எனக்குக் கத்திரிக்கோலு குடுக்கல. யாழினி சொல்லிட்டா, இவ கோணக்கை பொண்ணு, கோணையா வெட்டிடுவான்னு."

"எந்த யாழினி?"

"சூப்பர்வைசரு பொண்ணு."

பிள்ளை தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தது. ரூபாவதி அந்தக் கைகளை முன்னால் இழுத்து, மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தாள். பத்தும் நேராக இருந்தது. அன்றைக்கு மணிச் சத்தம் கேட்டபோது அது அவளுக்குத் தேனாக இல்லை, வெறும் சைக்கிள் மணியாக இருந்தது. அவர் தலை குனிந்தால் போதாது, அவர் வாய் திறக்க வேண்டும், திறந்தால் அந்த ஸ்டூல் கிடந்த இடத்தில், அந்த டீ நேரத்தில், அந்த அறுபது பேருக்கு முன்னால் திறக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் பட்டன்களோடு மறுபடியும் பேச ஆரம்பித்தாள். வீட்டில் கிடந்த ஒரு பழைய பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பன்னெண்டு அடி பத்தாது" என்றாள்.

மறுநாள் அது நாற்பது அடி ஆயிற்று. அதற்கு மறுநாள் இரண்டு தெரு. வெள்ளிக்கிழமை வந்தபோது ஜோதிலிங்கம் வீட்டுக்குள் படுத்துக் கிடந்தாலும் சந்தையில் பை திறந்தது, ரப்பர் பேண்டு கடையில் ரப்பர் பேண்டு தீர்ந்துபோனது, ஊர் தன் இடுப்பில் வைத்த கையை எடுக்க முடியாமல் ஒற்றைக் கையால் சாப்பிட்டு, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டி, ஒற்றைக் கையால் குழந்தைக்குத் தலை வாரியது. அப்போதுதான் ஊருக்குக் கேள்வி வந்தது. கண்டக்டர், போலீஸ்காரர், இரண்டு பஞ்சாயத்து மெம்பர்கள் நாலுபேரும் போய் ஜோதிலிங்கம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"சார், இன்னா பண்ணி வச்சீங்களோ, பட்டன் அடிச்ச அந்தப் பொம்பளைகிட்ட போய் முடிச்சிக்கினு வாங்க. ஊர் தாங்காது."

அவர் ஆப்பிள் அரைக் கிலோ, ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, மணியடித்துக்கொண்டே ரூபாவதி வீட்டுக்கு வந்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாம ஒரு வார்த்தை வந்துடுச்சிம்மா. மனசுல வச்சிக்காத. ஒனக்கு வேற எடத்துல நான் சொல்லி வுடறேன்."

ரூபாவதி ஆப்பிளைப் பார்த்தாள். வாயில் வார்த்தைகள் மறுபடியும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. பின்னாலேயே பராக்குப் பார்க்க வந்திருந்த ஜனங்களுக்குள்ளிருந்து சபுராபீ முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் இரண்டு மாசமாக ரூபாவதி தெருப் பக்கமே வராதவள். வந்து, ரூபாவதியின் முகத்தைப் பார்க்காமல், காதை மட்டும் நீட்டினாள்.

"எங்கிட்ட சொல்லு. நான் சத்தமா சொல்றேன். அன்னிக்கு வாயை மூடிக்கினு இருந்ததுக்கு, அல்லா சத்தியமா, இன்னிக்கு ரெண்டு வாயா பேசறேன்."

ரூபாவதி அவளைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வைத்தாள். அந்த நீட்டிய காதையும், அதில் ஆடிய தொங்கட்டானையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் காதில் ஏதோ சொன்னாள், மூன்று வார்த்தை இருக்கும்.

சபுராபீ நிமிர்ந்தாள். "கேட்டுக்கோ சார்! இங்க பேசறதுக்கு இது உன் மாமியா வீடு இல்ல. நாளைக்கு டீ டைம்ல ஷெட்டுக்கு வா. முதலாளி இருக்கணும், அறுவது பேரு இருக்கணும். அந்த வயித்துத் தோலு மிச்சம் குடோன்ல கீதே, அதையும் எடுத்துக்கினு வா. ஹார்லிக்ஸை எடுத்துக்கினு போயி நீ குடி, ஒடம்புக்குத் தெம்பு வேணும்!"

"அவ்ளோ நான் சொல்லல அக்கா" என்றாள் ரூபாவதி.

"கொசுறு" என்றாள் சபுராபீ.

மறுநாள் டீ நேரத்தில் ஷெட்டில் மெஷின்கள் நின்றன. முதலாளி அதே வெள்ளைச் சட்டையில் அதே ஓரத்தில் நின்றார். வெளியே ஊர் முழுக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. ஜோதிலிங்கம் நடுவில் வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எல்லாருக்கும் சொல்லிக்கறேன். ரூபாவதி கைல தப்பு இல்ல. தோலு அனுப்புன எடத்துல மாத்தி அனுப்பிட்டாங்க. நமக்குத் தெரியல."

சொல்லி முடித்ததும் ஷெட்டிலும் தெருவிலும் சந்தையிலும் இருந்த பட்டன்களில் பாதி மூடின. மூடியவை அத்தனையும் சாய்ந்து, ஒரு பக்கம் இளித்துக்கொண்டு மூடின. கண்டக்டர் தன் பையைத் தூக்கிப் பார்த்தார். இழுத்தால் வரவில்லை, அழுத்தினால் நிற்கவில்லை.

ரூபாவதி ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். பட்டன் கோணலாக உட்கார்ந்தால் அதைத் தட்டி நேராக்க முடியாது, அந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். சபுராபீயின் காதுக்குப் போனாள்.

"பாதிப் பொய்யை வச்சி அடிச்சா கோணலாத்தான் உக்காரும்!" என்று சபுராபீ முழங்கினாள். "பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி அடி. வாயால இல்ல. இந்தா சுத்தி. இதோ அந்தத் தோலு. அவ எடத்துல குந்தி, ஒரே ஒரு பட்டனை நேரா அடிச்சிக் காட்டு. காட்டிட்டா அவ கையை நீட்டறா, நீயே இன்னொரு தரம் பேரு வை."

ஜோதிலிங்கம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேசையைக் காட்டினார்.

அவர் உட்கார்ந்தார். ரூபாவதியின் ஸ்டூல் அவருக்குச் சின்னதாக இருந்தது, முழங்கால் மேசைக்கு மேலே வந்தது. தோலை வைத்தார், தொப்பியை வைத்தார், கிண்ணியை வைத்தார், உளியை வைத்து ஓங்கி அடித்தார். கால் மடங்கியது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை அடித்தார், அதுவும் மடங்கியது. ஐந்தாவது மடங்கியபோது பின்வரிசையில் ஒரு பெண் இருமுவதுபோலச் சிரித்தாள், பத்தாவது மடங்கியபோது இருமாமலே சிரித்தாள். பதினைந்தாவதில் ஒரு குரல், யாருடையது என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை, "இன்னா சார், கையா, காலா?" என்றது, ஷெட்டின் தகரக் கூரையில் அந்தச் சிரிப்பு மழை மாதிரி விழுந்தது. அவர் வேர்வை தோலில் சொட்டியது. மெல்ல அடித்தார், வேகமாக அடித்தார், சாமி பேரைச் சொல்லி அடித்தார், கட்டைவிரலில் அடித்துக்கொண்டு அதை வாயில் வைத்துக்கொண்டார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. ரூபாவதி மேசைக்கு எதிரில் நின்று ஒவ்வொன்றையும் கண்ணால் எண்ணினாள், ஒன்றையும் விடவில்லை, ஒவ்வொரு அடியும் அவளுடைய நெஞ்சில் எங்கேயோ மடங்கிக் கிடந்த ஒன்றை நிமிர்த்துவதுபோல் இருந்தது, அவர் சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிடக்கூடாதே என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

முப்பத்தோராவது மடங்கியபோது முதலாளி வந்து தோலை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். அவர் அப்பா காலத்திலிருந்து தோல் பார்த்த விரல்.

"ஜோதி, இது முதுகு இல்லியே."

தோலை மேசையில் போட்டார்.

"முதுகுக்குத்தானே நான் கையெழுத்துப் போட்டேன். முதுகு எங்க?"

ஜோதிலிங்கத்தின் உதடு ஆடியது. வெளியே வரவேண்டியது பல்லுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது என்று ரூபாவதிக்குத் தெரிந்தது, அந்த வரிசையில் அவள் நின்று பழகியவள். சபுராபீ வாயைத் திறந்தாள். ரூபாவதி அவள் கையை அழுத்தி நிறுத்தினாள். அறுபது பேரும் கேட்கிற மாதிரி, பட்டன்களுக்குச் சொல்கிற அதே வார்த்தையை முதல் தடவையாக ஒரு மனுசனிடம் சொன்னாள்.

"நேரா சொல்லு."

"நான்தான் மாத்துனேன்" என்றார் ஜோதிலிங்கம். "மச்சான் கடைக்கு அனுப்புனேன். இவ முதல் நாளே சொன்னா. வட்டம் கேட்டா. நான்தான் குடுக்கல. இவ கை நேரு. எனக்கு அப்பவே தெரியும்."

டிச்.

ஒரே ஒரு சத்தம்தான், ஆனால் அது ஷெட்டில் ஆரம்பித்துத் தெருவுக்குப் போய், சந்தைக்குப் போய், பஸ்ஸுக்குள் போய், பரணில் கிடந்த பைகளுக்குள்ளும் பீரோவுக்குள்ளும் போய் முடிந்தது. கண்டக்டரின் கட்டைவிரல் பைக்குள் மாட்டிக்கொண்டது. எல்லாம் நேராக மூடின, கோணலாகத் திரும்பி வந்த நாலாயிரமும்கூட. ஊர் வெள்ளிக்கிழமையிலிருந்து இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்து உதறி, மரத்துப்போன விரலை நீட்டி மடக்கிவிட்டு, டீ குடிக்கப் போனது.

ரூபாவதி தன் ஸ்டூலுக்கு வந்தாள். ஜோதிலிங்கம் எழுந்து நகரும்வரை நின்றாள். உட்கார்ந்து, அதே வயிற்றுத் தோலில், மிளகு அளவு வட்டம் ஒன்றை வெட்டி நடுவில் கொடுத்து, மெல்ல ஒன்று, முழுசாக ஒன்று, இரண்டே அடி. எடுத்து முதலாளி கையில் கொடுத்தாள். முதலாளி அதை அமுக்கினார், திறந்தார், அமுக்கினார், சின்னப்பிள்ளை மாதிரி பத்துத் தரம் செய்தார். "நாளைக்கு வந்துடும்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

ஜோதிலிங்கம் வெளியே போகும்போது முதலாளி அவரை நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வாசலில் அவர் பழக்க தோசத்தில் மணியை அடித்தார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் பையைப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து அந்தத் தெரியாத குரல், "போவுது பாரு, கோணக்கை" என்றது. முப்பத்தொரு கோணல் பட்டன்கள் மேசையில் சாட்சிக்குக் கிடந்தன. பேர் அவர்மேல் ஏறி உட்கார்ந்தது, அளவெடுத்துத் தைத்ததுபோல. ரூபாவதி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இப்போது குரலும் இருந்தது. சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாழினி கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாகவே வந்தாள். தன்ஷிகா நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து நின்று, தன் அம்மாவிடம் ஒருநாளும் இல்லாத தொண்டையில் கத்தினாள்.

"கோணக்கை பொண்ணு போவுது! பாலைக் கொட்டிடப் போவுது!"

ரூபாவதியின் கை கீரையில் நின்றது. அது அவ்வளவு இனிப்பாக இருந்தது, நாக்கில் வெல்லக்கட்டி வைத்ததுபோல, அவள் கண்ணைக்கூட ஒரு நிமிசம் மூடிக்கொண்டாள்.

திறந்தபோது யாழினி நின்றுவிட்டிருந்தாள். பால் பாக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள்.

தன்ஷிகா இரண்டாம் தரம் கத்தினாள். ரூபாவதி ஒரு கொத்துக் கீரையை எடுத்தாள், உருவினாள், காம்பை எறிந்தாள். மூன்றாம் தரம் கத்த மகள் மூச்சை இழுத்தபோதுதான் அவள் நிமிர்ந்து கூப்பிட்டாள், "தன்ஷி, உள்ள வா" என்று. அதுவும் சாப்பிடத்தான் கூப்பிட்டாள்.